ஒரு சொட்டுப் பிசின்

ஹெல்மெட்டைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தான். லொடக் என்றது. இன்னொரு தடவை ஆட்டினான். மறுபடியும் லொடக். குளியலறையில் அவன் மனைவி தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. இப்போதைக்கு வெளியே வரமாட்டாள். பட்டறை என்று அவன் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அந்தச் சின்ன அறையில், சுவர்ப்பலகை முழுக்க யார் யாருடையவோ தாடைகள் வெள்ளை மாவில் வாயைப் பிளந்துகொண்டிருக்க, அவன் ஹெல்மெட்டை மடியில் போட்டு, அந்த லொடக் எங்கிருந்து வருகிறது என்று விரலால் தடவித் தேடினான்.

அவன் டாக்டர் இல்லை. டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சை வைத்துப் பல்செட் செய்து கொடுப்பவன். அவன் தொழிலை ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: கழலக்கூடாது. சிரித்தால் கழலக்கூடாது, தும்மினால் கழலக்கூடாது, சம்பந்தி வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும்போது கழலவே கூடாது. ஒருமுறை, வேறு எவனோ செய்த பல்செட், மேடையில் முழங்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய மனிதரின் வாயிலிருந்து நழுவி, மைக்கில் மோதி, முன்வரிசைக்காரர் காலடியில் விழுந்துவிட்டது. அந்தக் கதையைக் கேட்டு இவனுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அவளோ விழுவதையே பிழைப்பாக வைத்திருப்பவள். விமானத்திலிருந்து குதிக்க ஆசைப்பட்டு வருகிறவர்களைப் பயிற்சியாளர் தன் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிப்பார். அவர்களோடு கூடவே குதித்து, எதிரில் காற்றில் படுத்தபடி அவர்கள் முகத்தைப் படம் பிடிப்பது அவள் வேலை. இரண்டு கையும் காற்றைப் பிடிக்க வேண்டும் என்பதால் கேமரா தலையில்தான் இருந்தாக வேண்டும். இதுவரை சோப்புக்கட்டி அளவில் ஒரு வீடியோ கேமராவைத்தான் வைத்திருந்தாள். அதிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து ஒருவர், "இது நானா, எங்க சித்தப்பாவா?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்குப் பிடித்தது பிடிவாதம். அசல் ஸ்டில் கேமரா, அகல லென்ஸோடு, தலைமேல் வேண்டும். அவர்கள் குதித்து இறங்கும் மைதானத்தின் பழைய புகைப்படக்காரன் வேறெங்கோ போய்விட, அந்த இடத்துக்கு இவள் பேச்சு வந்தபோது, "பொம்பளப் புள்ள கழுத்து அவ்வளவு கனம் தாங்குமா?" என்று முதலாளி இழுத்தாராம். தாங்கும் என்று காட்டுவதற்காக ஒரு வருஷம் கழுத்துக்கென்றே தனியாக உடற்பயிற்சி செய்தாள். அந்தக் கேமராவோடு இன்றைக்குத்தான் முதல் குதிப்பு.

பொருத்திக் கொடுத்தது அவன்தான். கடையில் கிடைக்கும், ஆனால் அவன் கை சும்மா இருக்காதே! ஹெல்மெட்டின் உச்சியில் ஒரு தகட்டைப் பதித்து, உள்ளேயிருந்து திருகி, திருகின் தலை மண்டையில் படாதபடி மெத்தை வைத்து ஒட்டினான். கேமராவுக்கும் தகட்டுக்கும் நடுவே நூல் நுழைகிற இடைவெளிகூட இருக்கக்கூடாது என்று அவள் சொல்லியிருந்தாள். பாராசூட் விரியும்போது அதன் கயிறுகள் தலைக்குப் பக்கத்தில்தான் சீறிக்கொண்டு போகுமாம், எதிலாவது மாட்டினால் கதை கந்தலாம். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஒன்றும் சிக்காமல் இழைக்கத் தெரிந்தவனுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? மூலை முடுக்கெல்லாம் பிசினால் நிரப்பி, இழைத்து, வழவழவென்று ஆக்கினான். வலது கண்ணுக்கு முன்னால் ஒரு சின்ன வளையம் வைத்தான். வளையத்துக்குள் எது தெரிகிறதோ அதுதான் படத்தின் நடுவில் விழும். அதைச் சரிபார்க்கிறேன் பேர்வழி என்று, அவளை நாற்காலியில் உட்காரவைத்து எதிர்மாடித் தண்ணீர்த்தொட்டியையே பார்க்கச் சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உயிரை வாங்கினான். படம் எடுக்கும் பொத்தானைப் பல்லால்தான் கடித்து அழுத்த வேண்டும். அதற்கு அவள் பல்லையே அச்செடுத்துக் கச்சிதமாக ஒரு கட்டை செய்தான்.

"நீ எனக்குச் செஞ்சதுலயே உருப்படியான காரியம் இதுதான்டா" என்றாள் அவள்.

கூடத்தில் இருந்த அவள் அம்மாவுக்கு அந்த 'டா' மட்டும்தான் கேட்டது. "கட்டின புருஷனை..." என்று ஆரம்பித்தார். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். கல்யாணமாகியும் அந்த டா போகவில்லை. அத்தையும் ஓயவில்லை.

இப்போது லொடக் எங்கே என்று கண்டுபிடித்துவிட்டான். தாடைப்பட்டையில். மாட்டுவதற்கும் கழற்றுவதற்கும் பக்கவாட்டில் ஒரு கொக்கி இருந்தது, அது உறுதிதான். அதைத் தவிர, தாடைக்குக் கீழே பட்டைகள் சேரும் இடத்தில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு ஊசி, ஊசியின் தலையில் ஒரு சிவப்பு நாடா. அது அவள் வாங்கி வந்து தைத்தது. அவன் கைப்படாத ஒரே உறுப்பு. எதற்கு என்று அவள் சொல்ல ஆரம்பித்தது நினைவிருந்தது. "இது அவசரத்துக்குடா..." என்றாள், அவன் உடனே இழைக்கிற மெஷினைப் போட்டுவிட்டான். அவசரம், ஆபத்து என்று அவள் வாயைத் திறந்தாலே அவனுக்கு எங்கிருந்தாவது ஒரு வேலை முளைத்துவிடும். நேற்று மைதானத்தில், கருவிகளைச் சரிபார்க்கும் முடிச்சு அண்ணன் அந்த நாடாவை இழுத்துப் பார்த்து, ஹெல்மெட் பொத்தென்று கையில் விழுந்ததும் "ம்" என்று ஒப்புதல் கொடுத்தாராம். மறுபடி ஊசியைச் செருகி எடுத்து வந்திருந்தாள். அந்த ஊசிதான் தன் துளையில் நிம்மதியில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது.

காலையில் அத்தை டீயைக் கொடுத்துக்கொண்டே கேட்ட கேள்வி வேறு காதை விட்டுப் போகவில்லை. "ஏன் மாப்ளே, அவ்வளவு உயரத்துலருந்து அந்தக் கேமரா கழண்டு யார் தலையிலயாவது விழுந்து தொலைச்சா என்ன பண்றது?" அவர் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். இவனுக்குத்தான் அது கண்முன்னே ஓடியது. ஏதோ ஒரு தெரு, ஏதோ ஒரு வாசல், யாரோ ஒருவர் துணி உலர்த்திக்கொண்டு நிற்கிறார், மேலேயிருந்து இவன் செய்த பொருள் இறங்குகிறது.

ஒரு சொட்டு. அவ்வளவுதான். பல்லுக்கு வைக்கிற பிசினில் ஒரு சொட்டை ஊசியின் துளையில் விட்டு, நீல விளக்கை அதன்மேல் பிடித்தான். கல்லாக இறுகியது. காதோரம் வைத்து ஆட்டினான். சத்தமே இல்லை. அப்பாடா என்றிருந்தது. தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவள், "என்னடா பண்ற?" என்றாள். "தொடச்சி வெச்சேன்" என்றான்.

மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் காரியமாக ஏச்சு வாங்கினான். நீளமான கொட்டகையில் தரை முழுக்கப் பாராசூட் துணியை விரித்து முடிச்சு அண்ணன் மடித்துக்கொண்டிருந்தார். எப்பேர்ப்பட்ட சிக்கலையும் பிரித்துவிடுவார் என்பதால் வந்த பெயர். கயிறும் துணியும் கருவிகளும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து அனுப்புவதும் அவர் பொறுப்புதான். "பல்லு டாக்டரே! கண்ணு பொடனியிலயா இருக்கு? துணி மேல கால வெக்காதீங்க. ஒரு மண்ணு ஒட்டினாகூட நான் திரும்ப மொதல்லருந்து பாக்கணும்" என்று கத்தினார். அவன் ஓரமாகச் சுவரை ஒட்டி நடந்தான்.

இன்றைய வாடிக்கையாளர் ஓய்வுபெற்ற ஒரு கணக்கு டீச்சர். பேரன் பேத்தி எடுத்தவர். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் வந்திருந்தார். படத்தைக் காட்டித்தான் எல்லோரையும் அலறவைக்க வேண்டும் என்று திட்டம். பயிற்சியாளர் அவரிடம் பல்செட்டைக் கழற்றிக் கொடுத்துவிடும்படி சொல்ல, பெரிய ரகளையாகிவிட்டது. "பொக்கை வாயோட போட்டோவா? அதுக்கு நான் வீட்லயே உக்காந்திருப்பேனே!" என்றார் டீச்சர். இவனைப் பற்றி யாரோ சொல்லியிருக்க வேண்டும், நேராக இவனிடம் வந்து வாயைத் திறந்து காட்டி, "நீங்களே சொல்லுங்க தம்பி, இது கழலுமா?" என்றார். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, அவன் செய்ததுதான். சத்தியமாகக் கழலாது. அதை அவன் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"டீச்சர், நீங்க வாய மூடிச் சிரிச்சாலும் அழகா எடுத்துத் தரேன். அது எம் பொறுப்பு. இப்ப பல்ல குடுங்க."

அவள் அப்படிச் சொன்னால் யாரும் மறுக்க முடியாது. பல்செட் கைக்குட்டையில் சுற்றப்பட்டு இவன் சட்டைப்பைக்கு வந்தது. ஏறுவதற்கு முன்னால் முடிச்சு அண்ணன் ஒவ்வொருவராக முன்னும் பின்னும் திருப்பித் தட்டித் தடவிப் பார்த்தார். இவளுடைய தாடைக்கு அடியில் சிவப்பு நாடா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். இழுத்தால் கழன்றுவிடும், மறுபடி செருக வேண்டும், அதுதான் நேற்றே இழுத்துப் பார்த்தாயிற்றே. அவள் படியில் ஏறித் திரும்பி இவனைப் பார்த்துக் கையை ஆட்டினாள். கேமராவோடு தலை பெரிதாகத் தெரிந்தது. கழுத்து ஆடாமல் நிமிர்ந்து நின்றது.

விமானம் கிளம்பிப் போனதும் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் குதிக்கிற நாளெல்லாம் இப்படித்தான். மேலே அண்ணாந்து பார்க்கமாட்டான்; டீக்கடையில் உட்காருவான், எழுந்திருப்பான், செருப்பின் வாரைச் சரிசெய்வான், கொட்டகைக்குப் போய் எவனிடமாவது வாயைக் கொடுப்பான். இன்றைக்கு முடிச்சு அண்ணனிடம் கொடுத்தான்.

"எப்டிண்ணே இருக்கு நம்ம வேலைப்பாடு?"

"குத்தம் சொல்ல முடியாது. மூலையே இல்லாம பண்ணியிருக்கீங்க." அவர் கயிறுகளைக் கொத்தாக விரலிடுக்கில் பிரித்துக்கொண்டே சொன்னார். "ஆனா கயிறுன்னு இருந்தா எங்கயாவது மாட்டத்தான் பாக்கும். கேமரா இருக்கிற தலைக்கு உத்தரவாதம் கிடையாது. அதுக்குத்தானே அந்தச் சிவப்பு."

"அந்த நாடாவா? அது எதுக்குண்ணே?"

"என்ன டாக்டரே, பொண்டாட்டி தலையில இருக்கிறது தெரியாதா? இங்கயே ஒருத்தி குதிச்சா. கயிறு கேமரா மேல மாட்டிக்கிச்சு. மேல பாராசூட்டு அரைகுறையா விரிஞ்சு சுத்துது, இவ கழுத்தப் புடிச்சு முறுக்குது. அத அறுத்து விட்டுட்டு அவசரத்துக்கு வெச்சிருக்கிற ரெண்டாவது பாராசூட்ட விரிக்கலாம்னா தலையே அதுலதான மாட்டியிருக்கு? இறுகின பட்டையில கொக்கிய அவுக்கவும் முடியாது. சிவப்ப ஒரு இழுப்பு இழுத்தா. ஹெல்மெட்டு கேமராவோட போயே போச்சு. தலை தப்பிச்சுது. இப்ப ரெண்டு புள்ளைங்களுக்கு அம்மா. போன மாசம்கூட வந்து எங்கூட சண்டை போட்டுட்டுப் போனா." அவர் சிரித்தார். "மத்ததெல்லாம் கழலக்கூடாது. அது மட்டும் கழலணும்."

வெளியே வந்தான். வெயிலில் விமானத்தின் சத்தம் மட்டும் கேட்டது. வட்டமடித்து வட்டமடித்து ஏறிக்கொண்டிருக்கும். குதிக்கிற உயரத்துக்குப் போக இன்னும் நேரம் இருக்கிறது.

ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். எத்தனை பேர் எத்தனை தடவை குதிக்கிறார்கள், எல்லாருக்குமா மாட்டுகிறது? அவன் கையாலேயே இழைத்த ஹெல்மெட், நூல்கூட நுழையாது. அவள் பத்திரமாக இறங்குவாள், சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அவளுக்குத் தெரியாமல் பிசினைச் சுரண்டி எடுத்துவிடலாம், விஷயம் முடிந்தது. இப்போது வாயைத் திறந்தால் என்ன ஆகும்? விமானத்தை இறக்குவார்கள். முதல் நாளே, எல்லார் முன்னாலும். கழுத்து தாங்குமா என்று கேட்ட முதலாளி, "புருஷன் ஒட்டிக் குடுக்கிறத மாட்டிட்டு வர்றவள நம்பி ஆளை அனுப்ப முடியுமா?" என்று கேட்பார். கேட்கத்தான் செய்வார். ஒரு வருஷம் அவள் சுவரில் தலையை முட்டுக்கொடுத்து எண்ணிக்கொண்டு நின்றதெல்லாம் ஒரு சொட்டில் போய்விடும். இவன் மூஞ்சியில் அவள் விழிப்பாளா?

சட்டைப்பையில் கைவிட்டான். டீச்சரின் பல் தட்டுப்பட்டது. கையை எடுத்துக்கொண்டான். நாலடி டீக்கடைப் பக்கம் நடந்தான், திரும்பினான். மாட்டிக்கொண்டால் அவள் கை தானாகத் தாடைக்கு அடியில் போகும். சிவப்பை இழுப்பாள். வராது. ஏன் வரவில்லை என்றுகூட அவளுக்குத் தெரியாது. பலத்தையெல்லாம் கூட்டி மறுபடி இழுப்பாள்.

கொட்டகைக்குள் ஓடினான். "அண்ணே! அந்த ஊசி வராதுண்ணே. நான் ஒட்டிட்டேன். காலைல. லொடலொடன்னு ஆடிச்சு, அதனால ஒரு சொட்டு..."

முடிச்சு அண்ணன் கையில் இருந்த கயிற்றுக் கொத்தை அப்படியே போட்டார். விரித்திருந்த துணியின் மேலேயே செருப்புக் காலோடு மிதித்துக்கொண்டு வயர்லெஸ் இருந்த அறையைப் பார்த்து ஓடினார். அந்த மனிதர் ஓடி அங்கே யாரும் பார்த்ததில்லை. "மேல! மேல! போட்டோ எடுக்கிற பொண்ண நிறுத்து! அவ குதிக்கக்கூடாது! சிவப்பு வராது, புருஷன் ஒட்டிட்டாரு! கேக்குதா?" என்று அவர் கத்துவது கேட்டது. பதிலுக்கு ஒரே கரகரப்பு. நடுவில் 'கதவு' என்ற ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது.

அவன் வெளியே வந்து முதல்முறையாக அண்ணாந்து பார்த்தான். கண் கூசியது. விமானம் எங்கே என்று தேடுவதற்குள் வானத்தில் ஒரு புள்ளி பூத்தது. பிறகு இன்னொன்று. பச்சை ஒன்று, ஆரஞ்சு ஒன்று. அவளுடைய பாராசூட் என்ன நிறம்? அவனுக்குத் தெரியவில்லை. அவள் பல்வரிசையில் எந்தப் பல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். இத்தனை வருஷத்தில் அவள் எந்த நிறத்தில் இறங்கிவருகிறாள் என்று ஒருநாளாவது பார்த்திருந்தால்தானே? மூன்றாவதாக ஒரு நீலம் விரிந்தது. விரிந்தது என்று சொல்ல முடியாது. ஒரு பக்கம் மடங்கி, தறிகெட்டுச் சுழன்றது. "ஐயோ, ஐயோ" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீலம் இன்னும் ரெண்டு சுற்றுச் சுழன்று, உதறிக்கொண்டு நேரானது. தரைக்கு வந்து சேர்ந்தபோது பார்த்தால், தாடிக்காரன் ஒருவன். விளையாட்டுக்குச் சுற்றினானாம், சிரித்துக்கொண்டே போனான். ஓங்கி ஒன்று விடலாமா என்றிருந்தது.

டீச்சரும் பயிற்சியாளரும் பெரிய ஆரஞ்சுத் துணியின் கீழே புல்லில் உட்கார்ந்தபடி சறுக்கி இறங்கினார்கள். கட்டை அவிழ்த்ததும் டீச்சர் நேராக இவனிடம்தான் வந்தார். கண்ணெல்லாம் தண்ணீர், வாய் உள்ளே ஒடுங்கி, முகம் பச்சைக்குழந்தை மாதிரி இருந்தது. "என்னா ஒரு அனுபவம் தம்பி! செத்துப் பொழைச்சேன்! ஆனா அந்தப் பொண்ணு வரவே இல்லையே? கதவாண்ட வந்து நின்னா, கடைசி நேரத்துல பைலட் கத்தி உக்கார வெச்சுட்டார். என் போட்டோ என்னாச்சு? யார்கிட்டச் சொன்னா நம்புவாங்க?" அவன் கைக்குட்டையை எடுத்து நீட்டினான்.

விமானம் இறங்கி, ஓடி, நின்றது. அவள் மட்டும் இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கொக்கியை அவிழ்த்தால் நிமிஷத்தில் கழற்றியிருக்கலாம். கழற்றாமலே, முதுகில் பிரிக்காத பாராசூட்டோடு, அந்த நீள ஓடுபாதை முழுவதும் நடந்து வந்தாள். கொட்டகை வாசலில் எல்லோரும் கூடிவிட்டார்கள். முதலாளியும் வந்து நின்றார். அவன் எதிரே போனான்.

"தெரியாம..." என்றான்.

அவள் அவன் முன்னால் வந்து நின்று தாடையைத் தூக்கிக் காட்டினாள். சிவப்பு நாடா காற்றில் ஆடியது.

"இழுங்க" என்றாள்.

இந்த 'இழுங்க' அவனைச் சுட்டது. இவ்வளவு காலத்தில் அவள் அவனிடம் இப்படிப் பேசியதில்லை. "வேணாம்மா. நான் வீட்டுக்குப் போயி..."

"நான் மேல இருக்கேன். மாட்டிக்கிச்சு. இழுங்க."

இழுத்தான். வரவில்லை. அவனே செய்தது, எப்படி வரும்? அவள் தலைதான் கையோடு முன்னால் வந்தது. அவள் நிமிர்ந்து, மறுபடி தாடையைத் தூக்கினாள். இரண்டு கையாலும் இழுத்தான். அவள் ஓரடி தடுமாறி அவன் நெஞ்சில் மோதினாள். மோதியவள் விலகி, அதே இடத்தில் வந்து நின்றாள். கண்ணை மூடவில்லை. அவன் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிச்சு அண்ணன் கத்தரியை எடுத்துக்கொண்டு வேகமாக வந்தார். "போதும்மா, விடு. நான் பட்டையை நறுக்கிடறேன்."

"இருங்கண்ணே" என்று அவள் அவர் பக்கம் திரும்பாமலே கையை நீட்டித் தடுத்தாள். "அவரு இழுக்கட்டும்."

அவன் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டு, காலை அகட்டி நின்று, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்தான். அவள் கழுத்து நரம்பு புடைத்தது. தலை மறுபடியும் அவன் கையோடுதான் வந்தது.